அவசரத்துக்கு ஒரு எண்

கோவில்பட்டி
8.7.2025

அனுராதாவுக்கு விஜயா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குகிற மாதிரியான கடிதம் இல்லை இது. நேற்று சந்தானத்தின் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கொல்கத்தாவில் கிடர்பூர் சுங்க அலுவலகத்தில் சிவலிங்கத்தோடு வேலை பார்த்தாரே, அதே சந்தானம்தான். பந்தியில் அவர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரசம் ஊற்றும் நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "அனுராதாவ லேக்ல பாத்தேன் மதினி. காலைல ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு ஓடிக்கிட்டிருந்தா. நல்லாத்தான் இருக்கா." அந்த ‘நல்லாத்தான்’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. மோருக்குக் காத்திராமல் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

என் தம்பி சிவலிங்கம் செத்து நாலு மாதம் முடியவில்லை. ஓடப் போன இடத்தில்தான் விழுந்தான். நாற்பத்தாறு வயதில் அவனுக்கு எதற்கு ஓட்டம் என்று அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவனைக் கொண்டுபோன அதே லேக், அதே பாதை, அதே நேரம். உனக்கு எப்படியம்மா கால் வருகிறது?

ஊர் வாயைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அக்ஷராவுக்குப் பதினேழு வயது, அப்பா இல்லை. உனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் நிற்கும்? ஓட்டத்தை நிறுத்து. அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் இங்கே வந்துவிடுங்கள். மாடி காலியாகத்தான் இருக்கிறது.

பதிலைக் கடிதமாகவே எழுது. போன் எனக்கு இப்போது ஒத்துவரவில்லை. தபாலாபீஸ்காரிக்கு நாலு பேர் கடிதம் எழுதினால்தானே பிழைப்பு.

விஜயா

*

டாக்குரியா, கொல்கத்தா
19.7.2025

மதினி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் கோபம் வந்தது. கோபத்தோடு எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். இதைப் போனிலேயே பேசித் தீர்த்திருக்கலாம். மார்ச்சிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அக்ஷரா கூப்பிட்டாலும் மஹாதேவன் அண்ணன்தான் எடுத்து, அத்தை கொல்லையில் இருக்கிறாள் என்கிறார். நாலு மாதமாகக் கொல்லையில் உங்களுக்கு அப்படி என்ன வேலையோ தெரியவில்லை.

ஆமாம், ஓடுகிறேன். ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. அவர் விழுந்தபோது ஒரு பெரியவர் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் யார் என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. லேக் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் நம் வீட்டு மனிதரை அடையாளம் கண்டு ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டினார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக என்ன சொன்னார், தண்ணீர் கேட்டாரா, வலித்ததா, எதுவுமே எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவரைப் பார்த்துக் கேட்டே ஆகவேண்டும் என்று இருந்தது.

ஏப்ரல் முழுவதும் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஓடுகிறவனை நிறுத்த முடியாது மதினி. கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். கூடவே ஓடினால்தான் பேசுவான். ஒருநாள் செருப்போடு ஒருத்தர் பின்னால் ஓடினேன், வார் அறுந்தது. மறுநாள் கடைக்குப் போய் ஷூ வாங்கினேன். நான் ஓட ஆரம்பித்த கதை இவ்வளவுதான்.

கூட ஓடியதில் லேக்கில் ஓடுகிறவர்கள் எல்லோருடைய கதையும் தெரிந்துவிட்டது. ஒருத்தருக்குச் சர்க்கரை. ஒருத்தருக்கு வீட்டில் மருமகள். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், காலையில் ஓடாவிட்டால் பத்து மணிக்கு மேனேஜரை அடித்துவிடுவேன் என்கிறாள். நான் தேடியவர் மட்டும் அகப்படவில்லை. தினமும் எனக்கு ஐம்பதடி முன்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கிழவர் போவார். பார்த்தால் நடக்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் பிடிக்க முடியாது. ஜூன் கடைசியில் மழை நாளில் அவர் ஷூ கயிறு கட்டக் குனிந்தார். அப்போதுதான் பிடித்தேன்.

அவர்தான். ஹால்தார் பாபு, ஓய்வுபெற்ற வாத்தியார். டாக்டர் நடக்கச் சொன்னாராம். நடந்தால் தெரிந்தவர்கள் நிறுத்திப் பேசுகிறார்கள் என்று ஓடுகிறாராம். நான் யாரென்று சொன்னதும் அப்படியே ஈரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாவிக்கொத்தில் ஒரு அட்டை இருந்ததாம், அதில் நம் தமிழ் எழுத்தில் ஏதோ ஒரு வார்த்தையும் ஒரு போன் எண்ணும். அந்த எண்ணுக்கு மூன்று முறை அடித்தாராம். ஒரு பெண் எடுத்து, அவருக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, மூன்று முறையும் வைத்துவிட்டாளாம். அவசரத்தில் அட்டை டாக்சியிலேயே போய்விட்டது. அந்த எண் இப்போது அவருக்கு நினைவில்லை, அவர் போனிலும் அழிந்துவிட்டது.

இதற்கு மேல் இன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை.

அனு

*

கோவில்பட்டி
2.8.2025

அனு,

போனதை நோண்டிப் பார்த்து என்ன காணப்போகிறாய்? அந்தப் பெரியவருக்கு வயதாகிவிட்டது, பதற்றத்தில் எந்த எண்ணை அழுத்தினாரோ. நல்லது செய்தார், அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். அதோடு விடு.

கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. ஜூன் மாதமே வேலை முடிந்தது. பிறகு ஏன் இன்னும் ஓடுகிறாய்? உன் கடிதத்தில் அதற்குப் பதிலே இல்லை.

அக்ஷராவுக்குச் சீவலும் சேவும் கடலைமிட்டாயும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கடலைமிட்டாய் நமுத்துப்போகாமல் டப்பாவில் போடச் சொல். இங்கே எனக்கு வேலை ஓடவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. வயது ஆகிறதல்லவா.

விஜயா

*

டாக்குரியா
24.8.2025

மதினி,

ஹால்தார் பாபுவுக்கு ஞாபகப் பிசகு இல்லை. ஏன் இன்னும் ஓடுகிறேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அக்ஷராவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

போனை எடுத்து வைத்த பெண் நான்தான் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தூக்கத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போன் அடித்தால் எடுப்பேன், ஏதாவது உளறுவேன், வைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பேன். காலையில் எதுவும் நினைவிருக்காது. அவர் ஓட ஆரம்பித்த புதிதில் ஒருமுறை லேக் டீக்கடைக்காரர் போனிலிருந்து கூப்பிட்டு, பால் பாக்கெட் வாங்கவா என்று கேட்டாராம். "ஆளில்ல, போயிட்டு அப்புறம் வா"ன்னு சொன்னே என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் விழுந்ததற்கு முந்தின நாள் இரவு தலைவலி மாத்திரை வேறு போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அட்டையில் அவர் வேறு யார் எண்ணை எழுதியிருப்பார்? நம் எழுத்தில் ஒரு வார்த்தை என்றால் அனு என்றுதானே இருக்கும்?

போனில் தேடிப் பார்த்தேன். பழைய அழைப்புகள் மே மாதம் வரைதான் இருக்கின்றன.

இப்போது ஐந்தேமுக்காலுக்கு என்னால் படுக்கையில் இருக்க முடியவில்லை. அந்த நேரம் வந்தால் கட்டில் கொதிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் போன் அடிப்பதுபோல் இருக்கிறது. ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டால், அவர் விழுந்த வளைவைத் தாண்டும்வரை பயம், தாண்டிவிட்டால் ஒரு சுற்று நிம்மதி. தூங்கி அவரைத் தவறவிட்டவள் தூங்கக்கூடாது, அவ்வளவுதான். முட்டி வீங்கியிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

என்னைத் திட்டுவதானால் இதற்குத் திட்டுங்கள், ஷூ போட்டதற்கு வேண்டாம்.

அனு

*

கோவில்பட்டி
5.9.2025

அனு,

அது நீ இல்லை. நான்.

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் எழுதிக் கிழித்துப் போட்டேன். இனிமேல் கிழிக்கமாட்டேன், எழுதியபடியே அனுப்பிவிடுகிறேன்.

அட்டையில் இருந்தது என் எண். நம் எழுத்தில் இருந்த வார்த்தை ‘அக்கா’. ஓட ஆரம்பித்த அன்றே அவன் என்னிடம் சொன்னான்: "அக்கா, அவசரத்துக்கு ஒன் நம்பரத்தான் எழுதி வச்சிருக்கேன். நீதான் நாலரைக்கே எந்திரிப்ப. அனுவ எழுப்பணும்னா எமன் வந்தாத்தான் உண்டு." இரண்டு பேரும் சிரித்தோம்.

அவன் விழுந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. வாசல் தெளித்துவிட்டுப் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் போன் வந்தது. தெரியாத எண். எடுத்தால் ஒருவர் மூச்சிரைக்கக் கத்துகிறார். ‘கெச்சே, கெச்சே’ என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவரை யாரோ வடக்கேயிருந்து போனில் பேசி ஏமாற்றியிருந்தார்கள். தெரியாத எண், தெரியாத பாஷை என்றால் பேசாமல் வைத்துவிடுங்கள் என்று தபாலாபீஸ் கவுண்டருக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குச் சொன்னதைத்தான் நானும் செய்தேன். வைத்தேன். மறுபடி அடித்தார், மறுபடி வைத்தேன். மூன்றாவது முறை, "காலங்காத்தால வேற வேல இல்லையா ஒனக்கு? ராங் நம்பர். வைடா" என்று கத்தினேன். பால் பொங்கிக்கொண்டிருந்தது, அனு. அதற்காகத்தான் அவசரமாக வைத்தேன்.

ஏழரைக்கு நீ அழுதுகொண்டு கூப்பிட்டபோது, நீ வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து போன் அடித்தால் கொல்லைக்குப் போய்விடுகிறேன். அந்த எண்ணை அழிக்கவும் மனம் வரவில்லை, எடுத்துப் பேசவும் தைரியம் இல்லை. 464 என்று முடிகிறது. ஹால்தாரிடம் கேட்டுப் பார்.

ஓட்டம்தான் அவனைக் கொன்றது என்று ஊரெல்லாம் சொன்னேன். அப்படிச் சொன்னால் என்னைச் சொல்ல வேண்டியதில்லையே.

நீ நிம்மதியாகத் தூங்கு. முட்டிக்கு ஒத்தடம் கொடு. என்னை என்ன செய்வது என்று நீயே முடிவு செய்.

விஜயா

*

கோவில்பட்டி
26.9.2025

அனு,

மூன்று வாரமாகிவிட்டது. பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன், நீ கையெழுத்துப் போட்டு வாங்கியதும் கம்ப்யூட்டரில் தெரிகிறது. தினமும் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள், என்ன மேடம் தொலைந்துபோன கடிதமா என்று கேட்கிறார்கள்.

திட்டியாவது எழுது.

விஜயா

*

டாக்குரியா
12.10.2025

மதினி,

திட்டியும் எழுதினேன். நாலு பக்கம். அதை அனுப்பப் போவதில்லை. நான் என் மேலேயே வைத்திருந்த கோபம் முழுவதையும் அப்படியே தூக்கி உங்கள் மேல் போட்டேன். ஆறு மாதம் என்னைக் கேள்வி கேட்கவிட்டு நீங்கள் கொல்லையில் நின்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்ததைவிட அது பெரிது.

இனி உங்களுக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். துர்கா பூஜை வந்தது. தசமி முடிந்து அம்மனைக் கரைத்ததும் இங்கே எல்லோரும் வீடு வீடாகப் போய், பழைய மனத்தாங்கலை விட்டுவிட்டு, இனிப்புக் கொடுத்துக் கட்டிக்கொள்வார்கள். அப்போது சொல்வது ‘ஷுபோ பிஜோயா.’ பிஜோயா என்றால் விஜயா. கீழ்வீட்டு அம்மாள் வந்து உங்கள் பெயரைச் சொன்னார். காய்கறிக்காரர் சொன்னார். லேக்கில் எதிரே ஓடி வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். பத்து நாளாக ஊரே உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாள்தான் நான் மட்டும் சொல்லாமல் இருப்பது?

ஹால்தார் பாபுவிடம் கேட்டேன். 464 அவருடைய எண்தான். அவர் சொன்னது ‘பொரே கெச்சே’. விழுந்துவிட்டார் என்று அர்த்தம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், குத்திக்காட்ட இல்லை. போனுக்காக அவர் காத்திருக்கவில்லை. முதல் அழைப்பின்போதே டாக்சி வந்துவிட்டதாம். மற்ற இரண்டும் டாக்சியிலிருந்து. டாக்டரையும் போய்ப் பார்த்தேன். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். சில நாள் நம்புகிறேன். சில நாள் நம்ப முடியவில்லை.

இன்னொன்று. உங்கள் தம்பி அட்டையில் உங்கள் எண்ணை எழுதியதற்குக் காரணம் என் தூக்கம். அந்த எமன் ஜோக்கைப் படித்துவிட்டு அரைமணி நேரம் அழுதேன், நடுவில் சிரித்தும்விட்டேன். ஆகவே கணக்கில் இரண்டு பேரும் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதிய பிறகு ஓட்டத்தை நிறுத்தினேன். தேடியவர் கிடைத்தாகிவிட்டது, எடுத்தவள் நான் இல்லை என்றும் ஆகிவிட்டது. பிறகு எதற்கு? முதல் நாள் ஏழு மணி வரை தூங்கினேன். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் ஐந்தரைக்கே விழிப்பு வந்து, சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தேன். நாலாம் நாள் அக்ஷரா ஷூவை எடுத்து என் முன்னால் வைத்து, "மா, ப்ளீஸ், போயிட்டு வா. இல்லன்னா என்னைப் படிக்க விடமாட்டே" என்றாள்.

ஹால்தார் பாபு, அதான் விடை கிடைத்துவிட்டதே, இன்று ஏன் வந்தாய் என்று கேட்டார். முதல் சுற்றில் உங்கள் தம்பியைத் திட்டுகிறேன் மதினி, என்னை இப்படி விட்டுவிட்டுப் போனாயே என்று. இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்குவதால் திட்ட முடிவதில்லை. மூன்றாவதில் யாரைத் திட்டினேன் என்பதே மறந்துபோகிறது. அந்த மூன்றாவது சுற்றுக்காகத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன்.

ஷுபோ பிஜோயா.

அனு

*

கோவில்பட்டி
25.10.2025

அனு,

கடிதத்தை ஆபீசிலேயே பிரித்துவிட்டேன். ஸ்டாம்பு கேட்டு நின்றவருக்குப் பாக்கிச் சில்லறையை இரண்டு முறை கொடுத்திருக்கிறேன், பாவம், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மன்னிப்பு என்று நான் கேட்கவுமில்லை, நீ கொடுக்கவுமில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

ஒரு உதவி. அந்த பாஷையில் நாலு வார்த்தை நம் எழுத்தில் எழுதி அனுப்பு. அன்றைக்கு எனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அந்த நாலு வார்த்தை. இப்போது கற்று என்ன பயன் என்று என்னைக் கட்டிய உன் மஹாதேவன் அண்ணன் கேட்கிறார். பயனைப் பார்த்தா எல்லாம் செய்கிறோம்?

ஓடு. ஆனால் முட்டியைப் பார்த்துக்கொள். போன் எடுப்பதைப் பற்றி இன்னும் எதுவும் சொல்ல முடியவில்லை. நேற்று மணி அடித்தபோது கொல்லை வாசல்படிவரைதான் போனேன்.

விஜயா

*

டாக்குரியா
17.11.2025

மதினி,

எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போலுன் என்றால் சொல்லுங்கள். ஆமி ஓர் திதி என்றால் நான் அவளுடைய அக்கா. கோத்தாய், எங்கே. ஹாஷ்பாதால், ஆஸ்பத்திரி. ஷேஷ் என்றால் முடிந்தது. அதை நீங்கள் கேட்க நேராது. ராக்பேன் நா என்றால் போனை வைத்துவிடாதீர்கள்.

நாலு கேட்டீர்கள், ஆறாகிவிட்டது.

டிசம்பர் பதினாலாம் தேதி இங்கே ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம். வங்கிப் பெண் என் பெயரையும் சேர்த்துவிட்டாள். பயப்படாதீர்கள், டாக்டரிடம் எல்லாச் சோதனையும் செய்துகொண்டேன், இதயம் நன்றாக இருக்கிறது. அவருடைய கிடர்பூர் அலுவலகத்தில் எனக்கு வேலையும் கொடுத்துவிட்டார்கள், ஜனவரியில் சேரவேண்டும். அதனால் மாடி இப்போதைக்குக் காலியாகவே இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், உறவு, எண். அக்ஷரா தன்னுடையதைப் போடச் சொன்னாள். அவள் இப்போது ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குகிறாள், என் ரத்தம்தானே. நாலரைக்கே எழுந்திருப்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருக்கிறார்.

உங்கள் எண்ணைப் போட்டிருக்கிறேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன்.

அனு

*

கோவில்பட்டி
14.12.2025

அடி அனு,

உனக்கு நல்ல புத்தியே கிடையாதா? என் உயிர் உனக்கு அவ்வளவு இளக்காரமா? முன்னாடியே ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?

கேள். நாலு மணிக்கே எழுந்துவிட்டேன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். அளந்தால் உன் பத்து கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். உன் அண்ணன், உட்காரு விஜயா, நீயா ஓடுறே என்றார். ஆறு வார்த்தையையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஏழரைக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். ஏழு நாற்பதுக்குப் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தேன். 464.

கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. போகவில்லை, அனு. இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டேன். பதற்றத்தில் காலண்டர் தாளில் எந்த எழுத்தும் கண்ணில் படவில்லை. "போலுன்" என்றேன். "ஆமி ஓர் திதி. கோத்தாய்? கோத்தாய்?" என்றேன். அதே குரல். அதே மூச்சிரைப்பு. "அனுராதா ஷேஷ் கொரேச்சே, திதி. ஷேஷ் கொரேச்சே" என்று கத்தினார்.

நீதானே எழுதினாய், ஷேஷ் என்றால் முடிந்தது என்று. சுவரைப் பிடித்துக்கொண்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அண்ணன் ஓடிப்போய் அணைத்தார், நான் அசையவில்லை. நினைவில் நின்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "ராக்பேன் நா. ராக்பேன் நா."

அப்போதுதான் அந்த மனிதர் சிரித்தார். கெட்ட செய்தி சொல்கிறவன் சிரிக்கமாட்டான் அல்லவா? பின்னால் மேளச் சத்தம் கேட்டது, யாரோ கைதட்டினார்கள். அதற்குள் உன் குரல், மூச்சே இல்லாமல்: "மதினி, ஓடி முடிச்சிட்டேன்னு சொல்றாரு. நல்லாருக்கேன். அன்னைக்கு ஒங்ககிட்ட சொல்ல முடியாமப் போச்சுன்னு, இன்னைக்கு அவரே சொல்லணும்னு நம்பர் கேட்டு வாங்கிட்டாரு."

ஓடி முடித்தாலும் முடிந்ததுதான், ஆளே முடிந்தாலும் முடிந்ததுதானா அந்த பாஷையில்? நம் பாஷை மட்டும் என்ன வாழ்கிறது என்று பிறகு தோன்றியது.

நீ போனைத் திரும்ப அவரிடம் கொடுத்தாய். அவர் வெகுநேரம் பேசினார். ஒரு எழுத்துக்கூட எனக்குப் புரியவில்லை. நடுவில் ஒருதரம் குரல் தழுதழுத்தது, சிவலிங்கத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று மட்டும் தெரிந்தது. நானும் தமிழில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அன்றைக்கு வைடா என்று சொன்னதற்குக் கையெடுத்துக் கும்பிட்டேன், போனில் தெரியாது என்றாலும். அவரும் உம், உம் என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் மணி பார்த்தார், பதினேழு நிமிடமாம்.

கடைசியில் போனை வைத்தது அவர்தான். நான் வைக்கவில்லை.

விஜயா அக்கா